படம் நூறு, வானம் ஒன்று

கார்த்திகை மீன்களை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? ஆறு என்று நம் முன்னோர் எண்ணிப் போந்த அம்மீன்களைச் சூழ்ந்து நீலநிறத் தூசுமுகில் ஒன்று படர்ந்துள்ளது. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்முகிலுக்குத் தனக்கென ஒளியில்லை. மீன்களின் ஒளியே அதன்மேற் பட்டுச் சிதறி நம்மை வந்தடைகிறது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. காமிராவினால் ஒருமுறை எடுத்த படத்திலும் பெரும்பாலும் புலப்படாது. ஆயினும் எளிய காமிராவைக் கொண்டே அதனைப் பிடித்துக் காட்டும் அன்பர்கள் நம் நாட்டு நகரங்களில் இன்று பலர் உளர்.

படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொலைநோக்கி வேண்டுமென்ற கோரிக்கை எழுவதும், விலையைக் கேட்டுப் பெற்றோர் மலைப்பதும் இயல்பே. கருவியிற் பணத்தை இடுவதற்கு முன் காலத்தை இட்டுப் பார்க்கலாம் என்பதே நாம் கூற வந்தது. அதற்கு வழிகாட்டுவது, ஆங்கிலத்தில் 'ஸ்டாக்கிங்' எனப்படும் படம் அடுக்கும் முறை.

தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒரு தாய் தன் மகனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். முதல் அழைப்பு இரைச்சலில் மூழ்கிப் போகிறது. மீண்டும் மீண்டும் அழைக்கிறாள். இரைச்சல் ஒவ்வொரு கணமும் வேறாக இருக்கிறது, பெயரோ மாறுவதில்லை. ஆகவே இறுதியில் அது மகன் செவியில் விழுந்துவிடுகிறது. வான்படத்திலும் இதுவே நிகழ்கிறது. முகிலின் ஒளி ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. காமிராவின் மின்னிரைச்சலோ புள்ளி புள்ளியாய் இடம் மாறி விழுகிறது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டால் ஒளி நிலைக்கும், இரைச்சல் தேயும்.

இதற்குக் கணக்கு உண்டு. தெளிவு, படங்களின் எண்ணிக்கையினது வர்க்கமூலத்தின்படி உயரும். 4 படம் அடுக்கினால் 2 மடங்கு. 100 படம் அடுக்கினால் 10 மடங்கு. அதனை 20 மடங்காக்க விரும்பினால் 400 படம் வேண்டும். முதல் ஒருமணி நேரம் அள்ளித் தரும். பின்வரும் மணிகள் கிள்ளித்தான் தரும். நகரவாசிகளுக்கு மற்றொரு சுமையும் உண்டு. தெருவிளக்கொளி வானில் பரவுவதால் எழும் வெளிறலைக் கணிப்பொறி கழித்துவிடும். அதனோடு வந்த இரைச்சலைக் கழிக்க இயலாது. வானம் 10 மடங்கு வெளிறியிருப்பின், அதே தெளிவுக்கு ஏறத்தாழ 10 மடங்கு நேரம் செலவிட நேரும். ஊர்ப்புறத்தே கழிக்கும் ஓரிரவு நகர மாடியிற் கழிக்கும் பல இரவுகளுக்கு ஈடாவது இதனாலேயே.

முக்காலியில் நிறுத்திய காமிரா அசையாது; பூமியோ சுழல்கிறது. ஆகையால் நெடுநேரம் திறந்துவைத்தால் மீன்கள் கோடாகிவிடும். 500 என்னும் எண்ணை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் நொடிகளே எல்லை என்பது பழகியோர் கைக்கணக்கு. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 நொடி. சென்ஸார் சிறிதாயின் 6 நொடியே நன்று. அவ்வாறு 10 நொடிப் படம் 100 எடுப்பினும் 17 நிமிடமே ஆகும்.

பூமிச் சுழற்சிக்கு ஏற்பக் காமிராவைத் திருப்பும் சிறு கருவிகளும் உண்டு. அவற்றின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் நிறுத்த வேண்டும். இதில் நமக்கொரு நற்பேறு! அந்நட்சத்திரம் நாகர்கோவிலில் அடிவானத்திலிருந்து 8 பாகையே உயர்ந்திருக்கும். தென்னந்தோப்பும் புழுக்கமும் அதனை மறைத்துவிடும். மும்பையில் 19, கொல்கத்தாவில் 22½, டில்லியில் 28½ பாகை. வடக்கே குடிவந்தோருக்கு அச்சை நிறுத்தும் வேலை எளிது.

வானைப் படமெடுத்து முடிந்ததும் உறங்கப் போய்விடலாகாது. லென்ஸை மூடிவைத்து, அதே நொடியளவில், அதே குளிரில் இருபது முப்பது 'டார்க்' படங்கள் எடுக்க வேண்டும். சென்ஸாரின் வெப்பத்தால் தோன்றும் பொய்ப்புள்ளிகள் அவற்றிற் பதியும். கணிப்பொறி அவற்றைக் கழித்துவிடும். மறுநாள் நண்பகலில் எடுத்த டார்க் படம் பயன்படாது. அடுத்து, குவியத்தை மாற்றாமல் சீரான வெளிச்சத்தை நோக்கி எடுப்பது 'ஃப்ளாட்'. லென்ஸின் ஓர மங்கலும் தூசுத்தடமும் அதனால் நீங்கும். இதற்கென விற்கும் ஒளிப்பலகையை வாங்க வேண்டுவதில்லை. வெளுத்த வேட்டியைச் சுருக்கமின்றி லென்ஸின்மேல் இழுத்துக் கட்டி, விடியற்கால வானை நோக்கிப் பிடித்தாற் போதும். (வேட்டிக்கு வடநாட்டிலும் வேலை கிடைத்தது!) படங்கள் யாவும் 'ரா' எனப்படும் மூலவடிவில் இருத்தல் வேண்டும். ஜேபெக் வடிவில் ஒளிப்படிகள் 256 மட்டுமே. 14 பிட் மூலவடிவில் 16,384. மங்கிய முகில் அப்படிகளின் அடித்தளத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

படங்களைப் பொருத்தும் வேலைக்கு 'டீப் ஸ்கை ஸ்டாக்கர்', 'சிரில்' என்னும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு படத்தில் மட்டும் குறுக்கிட்ட விமானத்தையும் செயற்கைக்கோளையும், பிற படங்களில் அவை இன்மையால் இனங்கண்டு அவையே விலக்கிவிடும். குவியம் பிசகிய படத்தை மட்டும் எம்மென்பொருளும் சீராக்காது.

இஃது ஏழைகளின் குறுக்குவழி என யாரும் எண்ணற்க. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி, சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாய்த் தோன்றிய ஒரு சிறுபுள்ளியைப் பத்து நாட்கள் நோக்கி 342 படங்கள் எடுத்தது. அவற்றைச் சேர்த்தபோது சுமார் 3,000 உடுமண்டலங்கள் வெளிப்பட்டன. அப்பணிக்கென ஃப்ருக்டர், ஹூக் என்னும் இருவர் வகுத்த 'ட்ரிஸில்' முறை, மேற்கூறிய இலவச மென்பொருள்களில் இன்று நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது.

அடுக்கிய படம் முதற்பார்வையில் கரியதாகவே தோன்றும். இருளிலுள்ள படிகளைச் சிறிது சிறிதாக மேலே இழுத்தல் வேண்டும். நேர்மைக்குச் சோதனை இங்கேதான். மீன்களின் நடுப்பகுதி வெண்மையில் எரிந்து போகும்வரை இழுப்போரும், பின்புல வானை மைக்கரியாக அழுத்துவோரும் உளர். கரியாக அழுத்திய வானில் மங்கிய முகிலும் புதைந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பிறர் எடுத்த எண்ணற்ற படங்களைப் பயின்று, நம் படத்தில் இல்லாத நுணுக்கத்தை வரைந்து சேர்க்கக்கூடிய செயலிகளும் வந்துவிட்டன. அதன்பின் அது நாம் பெற்ற ஒளியன்று, கடன்வாங்கிய ஓவியமே.

நேர்மையாளர் எவ்வாறு நடப்பர் என்பதற்குச் சான்று உண்டு. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செயின்டி என்னும் ஐரோப்பிய ஆர்வலர் மூவர், உலகோர் ஓயாது படமெடுக்கும் ஆண்ட்ரோமீடா உடுமண்டலத்தைப் பல இரவுகள் படமெடுத்து அடுக்கினர். அதனருகே ஆக்சிஜன் ஒளியாலான வளைவொன்று தென்பட்டது. முழுநிலவை மூன்று முறை வரிசையாய் வைத்தாற்போன்ற நீளம். எவரும் அதற்குமுன் கண்டதில்லை. கருவிக் கோளாறாகவோ பதப்படுத்தலின் பிழையாகவோ இருக்கலாகாதா? வேறு இடங்களில் வேறு தொலைநோக்கிகளால் எடுத்த படங்களிலும் அது உண்டெனக் கண்ட பின்னரே, வானியல் அறிஞரோடு சேர்ந்து 2023இல் அதனை அறிவித்தனர்.

தொடங்க விரும்புவோர் கார்த்திகை மீன்களிலேயே தொடங்கலாம். குளிர்கால முன்னிரவில் அவை டில்லியில் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். புகைமூட்டமில்லாத, நிலவில்லாத இரவைத் தேர்க. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்வோர் காமிராவையும் முக்காலியையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்க. 'ஒமேகா செண்டாரி' என்னும் பெரும் மீன்திரள் டில்லியில் உச்சநிலையிலும் 14 பாகைக்கு மேல் எழுவதில்லை. தூசிலும் விளக்கொளியிலும் கரைந்துவிடும். நாகர்கோவிலிலோ, மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில், தென்வானில் 34 பாகை உயரத்தில் நிற்கும். மழைமேகம் வருமுன் இரண்டு இரவேனும் வாய்க்கும்.