சுங்கச்சாவடி வரிசையில் பிறந்த கிளாஸ்

பைத்தானோ ஜாவாவோ கற்கத் தொடங்குபவர்கள் பலரும் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற பாடத்தில்தான் முதன்முதலாகத் திணறுகிறார்கள். புத்தகம் வரையறையைச் சொல்லிவிடுகிறது. எந்தச் சிக்கலைத் தீர்க்க இவை வந்தன என்பதைச் சொல்வதில்லை. அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1960-களில் ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யோஹான் டால் என்ற இருவர், வெளியுலக நடப்பைக் கணினிக்குள் ஓட்டிப்பார்க்க ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் சிமுலா. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, பாலத்தருகே ஒரு சுங்கச்சாவடி. லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் காத்திருக்கின்றன.

இதைப் பழைய முறையில் எழுதினால் பதிவெண்கள் ஒரு பட்டியலிலும், வந்த நேரங்கள் இன்னொரு பட்டியலிலும், வரிசையை நகர்த்தும் கட்டளைகள் வேறெங்கோவும் இருக்கும். ஓரிடம் பிசகினால் லாரியின் கட்டணம் பேருந்தின் கணக்கில் ஏறிவிடும்.

அந்த மொழியின் சிமுலா 67 என்ற வடிவம் இவற்றை ஒன்றாகக் கட்டியது. வண்டி என்றொரு கிளாஸ்: அதற்குப் பதிவெண் உண்டு, வந்த நேரம் உண்டு, வரிசையில் சேரத் தெரியும், கட்டணம் கட்டத் தெரியும். இவ்வளவு எழுதியும் பாலத்தில் ஒரு வண்டிகூட இல்லை. ‘நியூ’ என்று கட்டளையிடும்போதுதான் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பட்டு ஒரு வண்டி பிறக்கிறது. அதுதான் ஆப்ஜெக்ட். ஆயிரம் முறை கட்டளையிட்டால் ஆயிரம் வண்டிகள். தரவு ஒவ்வொன்றுக்கும் தனி. கட்டணம் கட்டும் விதம் மட்டும் ஒரே இடத்தில் எழுதப்பட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும்.

இங்கே நிதானமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லா விவரமும் ஒத்துப்போனாலும் தனித்தனியாக உருவான இரண்டு ஆப்ஜெக்ட்கள் இரண்டுதான். ஆனால் பைத்தானில் அ என்ற பெயரில் ஒரு வண்டியை உருவாக்கிவிட்டு, ஆ = அ என்று எழுதினால் இரண்டாவது வண்டி வராது; ஒரே வண்டிக்கு இரண்டு பெயர்கள் வரும். ஆ வழியாகப் பதிவெண்ணை மாற்றினால் அ-விலும் மாறியிருக்கும். புதியவர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழைகளில் பல இந்த ஒரு விஷயம் புரியாததால் வருபவை.

லாரிக்குச் சரக்கின் எடை வேண்டும். பேருந்துக்குப் பயணிகளின் எண்ணிக்கை வேண்டும். வரிசையில் நிற்பது இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுப்பகுதியை ஒருமுறை எழுதி, அதன்மேல் லாரியையும் பேருந்தையும் தனித்தனியே கட்டலாம் என்று டாலும் நிகார்டும் கண்டார்கள். இன்று இன்ஹெரிட்டன்ஸ் என்று சொல்லப்படுவது இதுவே.

பிறகு ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் ஸ்மால்டாக் மொழியில் இதை வெகுதூரம் கொண்டுபோனார்கள். கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திய பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979-இல் சி மொழிக்குக் கிளாஸ்களைச் சேர்க்கத் தொடங்கினார். அதுவே சி++ ஆக வளர்ந்தது. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே இருவரும் காலமானார்கள்.

எல்லாவற்றையும் கிளாஸாக எழுதித்தான் தீரவேண்டும் என்பதில்லை. வட்டி கணக்கிட ஒரு ஃபங்ஷன் போதும். ஆனால் ஒரே மாதிரியான பல ஆப்ஜெக்ட்கள், ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றால், அங்கே கிளாஸ் எழுதத் தயங்காதீர்கள்.