ஏட்டறிவும் கையறிவும்



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. படிப்பு வேறு, தொழில் வேறு என்று வாதிடுவோர் இதனைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆயினும், ஏட்டை அறவே ஒதுக்கிய கை எப்பொழுதும் நன்மையே செய்யும் என்று அப்பழமொழி கூறவில்லை. நோயாளரைத் தொட்டுப் பணிபுரிபவரிடத்தில் ஏடும் கையும் எங்ஙனம் ஒன்றுபட வேண்டும் என்பதை, தொழில்வழிச் சிகிச்சை பயிலும் மாணவரை முன்வைத்து இன்று ஆராய்வோம்.

தொழில்வழிச் சிகிச்சை என்றவுடன், பிழைப்புக்குரிய தொழிலொன்றைக் கற்பிப்பது போலும் என்று சிலர் கருதுவர். அஃது அன்று. உண்பது, உடுப்பது, நீராடுவது, சமைப்பது, எழுதுவது, விளையாடுவது என மனிதர் நாள்தோறும் செய்யும் செயல்கள் அனைத்தையும் இங்கே தொழில் என்கின்றோம். நோயினாலோ விபத்தினாலோ இவற்றை இழந்தவர் மீண்டும் செய்ய உதவுவதும், அச்செயல்களையே மருந்தாகப் பயன்படுத்துவதும் இச்சிகிச்சையின் நோக்கம். 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இத்துறைக்கெனச் சங்கமொன்று நிறுவப்பட்டது.

எந்தக் கைத்தொழிலையும் போலவே இதுவும் நெடுங்காலம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் பழக்கமாகவே கைமாறி வந்தது. அப்பழக்கங்களுள் பல நல்லவை. ஆனால், எவை நல்லவை, எவை வெறும் வழக்கம் என்பதைப் பழக்கம் தானே பிரித்துக் காட்டுவதில்லை. உதாரணம் ஒன்றைக் கூறுகின்றேன்.

பாரிசவாதத்தினால் கை தளர்ந்தவருக்கு, நாளடைவில் மணிக்கட்டு மடங்கி இறுகிவிடுவதுண்டு. அதனைத் தடுப்பதற்காக, இரவிலே கையை நேராக நிறுத்தி வைக்கும் தாங்குமட்டையொன்றைக் கட்டுவது பலவிடங்களில் வழக்கம். நீட்டி வைத்தால் தசை குறுகாது என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. அவுஸ்திரேலியாவிலே ஆய்வாளர்கள் 63 நோயாளரை எழுமாற்றாக, அதாவது திருவுளச்சீட்டுப் போடுவதுபோல, மூன்று பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கு இருவேறு வகை மட்டைகள், மூன்றாம் பிரிவினருக்கு மட்டையே இல்லை. நான்கு வாரம் இரவுதோறும் மட்டை அணிந்தவர்க்கும் அணியாதவர்க்கும் மணிக்கட்டின் இறுக்கத்திலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவ்வாய்வு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இதனைப் படித்த மாணவர் என்ன செய்வது? தம்மை மேற்பார்வை செய்யும் மூத்த சிகிச்சையாளர் மட்டை கட்டச் சொல்கின்றார். ஆய்வோ பயனில்லை என்கின்றது. பெரியவரை எதிர்த்துப் பேசுவது முறையன்று; அறிந்ததை மறைப்பதும் முறையன்று. இங்கேதான் நிதானம் வேண்டும். அவ்வாய்வு எதனை அளந்தது? பாரிசவாதத்தின் பின்னர் வரும் மணிக்கட்டு இறுக்கத்தை மட்டுமே. தீக்காயம் பட்ட கைக்கோ, எலும்பு முறிந்த கைக்கோ மட்டை வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஆதலால், 'ஐயா, இந்த நோயாளருக்கு நாம் எந்த நோக்கத்திற்காக மட்டை கட்டுகின்றோம்?' என்று பணிவுடன் வினவுவதே மாணவர் செய்யத்தக்கது. நோக்கம் தெளிவானால் விடையும் தெளிவாகும்.

இனி, சான்று ஒரு சிகிச்சைக்குச் சார்பாக நிற்கும் இடத்தைப் பார்ப்போம். கை தளர்ந்தவர் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகி, தளர்ந்த கையை மறந்தே விடுகின்றார். அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் ரோப் இதனைக் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என விளக்கினார். நல்ல கைக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, தளர்ந்த கையைத் தீவிரமாகப் பயிற்றும் முறை அவ்விளக்கத்திலிருந்து பிறந்தது. 222 நோயாளரைக் கொண்டு நடத்திய பேராய்வு 2006ஆம் ஆண்டில் வெளியானது. இரண்டு வாரப் பயிற்சி பெற்றவர், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவரிலும் கூடுதலாகக் கையைப் பயன்படுத்தினர்; அப்பயன் ஓராண்டு வரையும் நிலைத்தது.

நற்செய்திதான். ஆனால், அவ்வாய்விற் சேர்க்கப்பட்டவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் நீட்ட வல்லவர்கள். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி உறை அணிந்தார்கள்; நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் வரை பயிற்சி பெற்றார்கள். நம் மாணவரின் முன்னே வந்திருப்பவர், வலக்கை தளர்ந்த ஒரு தையற்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விரல்கள் அசைகின்றனவா? துணைக்கு வீட்டில் ஆளுண்டா? நாள்தோறும் வைத்தியசாலைக்கு வரப் பேருந்துக் கட்டணம் உண்டா? எல்லாவற்றினும் மேலாக, கத்தரிக்கோலை மீண்டும் பிடிப்பதா, தம் கையால் உண்பதா, அவர் முதலில் விரும்புவது எது? இவ்வினாக்களுக்கு விடை ஆய்வுக் கட்டுரையில் இல்லை. நோயாளரின் வாயிலேயே இருக்கின்றது.

1996ஆம் ஆண்டில் டேவிட் சாக்கெற் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் தோழரும் இக்கருத்தையே வலியுறுத்தினர். சிறந்த ஆய்வுச் சான்று, சிகிச்சையாளரின் அனுபவம், நோயாளரின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றித் தீர்மானம் முழுமையாகாது. மூன்று கல் அடுப்பிலே ஒரு கல்லை எடுத்துவிட்டால் பானை நிற்குமா?

இதனைப் பயில மாணவருக்கு ஐந்து படிகள் கூறப்படுகின்றன. முதலாவது, ஐயத்தை வினாவாக்குதல்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பயன் என்று வரையறுத்துக் கேட்டல். இரண்டாவது, சான்றைத் தேடுதல். மூன்றாவது, அதனை எடைபோடுதல்: எத்தனை பேர், எவ்வாறு பிரிக்கப்பட்டனர், இடையில் விலகியோர் எத்தனை பேர் என்று நோக்குதல். நான்காவது, நோயாளரோடு கலந்து அதனைக் கையாளுதல். ஐந்தாவது, பயன் விளைந்ததா என்று அளந்து பார்த்தல். இவ்வைந்தாம் படியையே பலர் மறந்துவிடுகின்றனர். தையற்காரர் தொடக்கத்தில் எத்தனை நிமிடத்தில் சட்டைப் பொத்தானைப் பூட்டினார், ஒரு மாதத்தின் பின் எத்தனை நிமிடத்தில் பூட்டுகின்றார் என்று குறித்து வைக்காதவர், தம் சிகிச்சை பலித்ததா என்பதை எங்ஙனம் அறிவார்?

சான்று என்பது தொழிலைக் குறைகூற வந்த பகையன்று. அதற்குப் பெருமை தேடித் தருவதும் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 60 வயதிற்கு மேற்பட்ட 361 முதியோரிடம் நடத்திய ஆய்வு 1997ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஒன்பது மாதம் தொழில்வழிச் சிகிச்சை; இன்னொரு பிரிவினருக்குக் கூடிப் பொழுதுபோக்கும் நிகழ்ச்சிகள்; மற்றொரு பிரிவினருக்கு எதுவுமில்லை. கூடிப் பொழுதுபோக்கியவர் எதுவும் பெறாதவரிலும் மேம்படவில்லை. சிகிச்சை பெற்றவரோ உடல்நலத்திலும், அன்றாடச் செயலிலும், வாழ்க்கை நிறைவிலும் பயனடைந்தனர். 'சும்மா கைவேலை கொடுத்துப் பொழுதைக் கழிப்பிக்கின்றார்கள்' என்று இத்துறையை இகழ்ந்தோர்க்கு இது தக்க மறுமொழியன்றோ?

நேயர்களே, பாரிசவாதத்தின் பின்வரும் முதல் மாதங்கள் விலைமதிப்பற்றவை. பயனற்ற சிகிச்சையிலே அவை கழிந்தால் எவராலும் மீட்டுத் தர இயலாது. ஆகவே, உங்கள் இல்லத்தில் ஒருவருக்குச் சிகிச்சை நடைபெறும்போது, 'இதனால் என்ன பயனை எதிர்பார்க்கலாம்? அதனை எப்போது அளந்து பார்ப்போம்?' என்று நீங்களும் மரியாதையுடன் கேளுங்கள். நன்கு பயின்ற மாணவர் அவ்வினாவைக் கண்டு சினவார். மகிழ்ந்து விடை கூறுவார்.