மேலே ஏறி வந்த கடல் தரை

1942-ல், கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அப்பால், 'ஜாஸ்பர்' என்ற அமெரிக்கக் கப்பல் தண்ணீருக்குள் ஒலியைச் செலுத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிகளை வேட்டையாடிய போர்க்காலம் அது. சுமார் 300, 400 மீட்டர் ஆழத்திலேயே பலமான எதிரொலி கிடைத்தது. உண்மையான தரையோ அதற்கும் வெகு கீழே இருந்தது. 1945-ல் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தின் உயிரியலாளர் மார்ட்டின் ஜான்சன், இரவும் பகலும் அந்தப் 'பொய்த் தரை'யைக் கவனித்தார். மாலையில் அது மேலே ஏறியது, விடியலில் இறங்கியது. தரை நடக்காது. அங்கே இருந்தவை உயிர்கள்.

அந்த எதிரொலியில் பெரும்பங்கு, விரல் நீளமே உள்ள விளக்குமீன் போன்ற சிறு மீன்களிடமிருந்து வருகிறது. சரியாகச் சொன்னால், மீனிடமிருந்துகூட இல்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து. மீனின் சதை ஒலிக்கு ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான். வாயுவோ சட்டென்று நசுங்கித் துள்ளும். 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு குமிழி, கடல் மட்டத்தில் நொடிக்குச் சுமார் 1,600 தடவை அதிரும். 500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 51 மடங்கு; அதே அளவுக் குமிழி அங்கே 11,000 தடவைக்கு மேல் அதிரும். அந்தச் சுருதியில் ஒலி வந்து மோதினால், குமிழி தன்னைவிடப் பல மடங்கு பெரிய பொருளைப் போல ஒலியைச் சிதறடிக்கும்.

அவ்வளவு ஆழத்தில் பையை ஊதி வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம். வெளியே 51 மடங்கு அழுத்தம் என்றால் உள்ளேயும் அதே அழுத்தம் வேண்டும். சுற்றியுள்ள நீரிலோ கொஞ்சம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கிறது. பையின் சுவரில் உள்ள சுரப்பி லாக்டிக் அமிலத்தைச் சுரந்ததும், ரத்தம் தான் பிடித்து வைத்த ஆக்சிஜனைக் கைவிடுகிறது. வெளியேறும் ரத்தத்தோடு அது தப்பிவிடாதபடி, உள்ளே வரும் நுண்குழாய்களும் வெளியே போகும் நுண்குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியபடி எதிரெதிராக ஓடுகின்றன. தப்பப் பார்க்கும் வாயு பக்கத்துக் குழாய்க்குத் தாவி மறுபடி பைக்கே திரும்புகிறது. சுற்றச் சுற்ற அழுத்தம் ஏறுகிறது. ஆழத்தில் வாழும் மீன்களுக்கு இந்தக் குழாய்கள் நீளமாக இருப்பது தற்செயல் அல்ல.

இப்படிச் சேர்த்த வாயு, நீந்தாமலே மிதக்க உதவுகிறது. இரை அரிதான ஆழத்தில் அந்தச் சேமிப்பே உயிர். ஆனால் இரவில் 50 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 6 மடங்காகக் குறையும், வாயு எட்டு மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும். ஒலியால் வேட்டையாடும் பல் திமிங்கிலங்களுக்கும் அதே பைதான் காட்டிக்கொடுக்கும். விளக்குமீன்களில் சில இனங்கள் வளர்ந்ததும் பையில் வாயுவுக்குப் பதில் கொழுப்பை நிரப்பிக்கொள்கின்றன. 2022-ல் ஜப்பானுக்கருகே 8,336 மீட்டரில் படமெடுக்கப்பட்ட நத்தைமீனுக்குக் காற்றுப்பையே கிடையாது.

இதனால் ஒலியை வைத்து மீன்களைக் கணக்கிடுவது சிக்கலாகிறது. கொழுப்புப் பை மீன் ஒலிக்கு அதிகம் அகப்படாது. சைபனோஃபோர் என்ற, ஜெல்லிமீனுக்கு உறவான உயிரியின் மிதவையிலோ வாயுக் குமிழி உண்டு. அதன் எதிரொலி மீன் கணக்கில் சேர்ந்துவிடலாம். இந்த இடைக்கடல் மீன்களின் மொத்த எடை 100 கோடி டன் என்றிருந்த பழைய மதிப்பு, 2014-ல் ஒலி அளவீட்டின்படி சுமார் 1,000 கோடி டன் ஆனது. இவற்றைப் பிடித்து மீன்தூளாக்கும் யோசனை இருக்கும் இந்நாளில், பத்து மடங்கு வித்தியாசமுள்ள ஒரு கணக்கை நம்பி வலை இறக்கக் கூடாது என்பேன்.