காத்திருந்த வெண்பனி

பனி என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பருவங்களை அதன் பெயராலேயே வகுத்தனர் பண்டைத் தமிழர். மார்கழியும் தையும் முன்பனிக்கு உரியவை. மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. ஒட்டன்சத்திரத்தைச் சூழ்ந்த சமவெளியில் அந்நாட்களில் விடியற்காலையில் புல்நுனிதோறும் பனித்துளி நிற்கும். தெற்கே உயர்ந்து தோன்றும் பழனிமலைத் தொடரில், கொடைக்கானல் போன்ற இடங்களில், சில இரவுகளில் புல்வெளி வெளுத்துக் காணப்படும். அஃது உறைபனி. இவ்விரண்டும் நிலத்தையொட்டிய காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பின்மேல் படிவதால் உண்டாவன. இவற்றினும் வேறாக, மழையைப் போல முகிலிலிருந்து பொழியும் பனியும் உண்டு. அதனை வெண்பனி என்பர். அவ்வெண்பனியை எதிர்நோக்கிக் காத்திருந்து, அது பொழிந்து ஓய்ந்த நாளைத் திருநாளைப் போலக் கொண்டாடும் ஊர் ஒன்று இந்திய நாட்டின் வடகோடியில் உள்ளது. அதுவே காஷ்மீரத்துக் குல்மார்க்.

குல்மார்க் என்பதற்கு மலர்ப் புல்வெளி என்பது பொருள். ஸ்ரீநகருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், கடல்மட்டத்திற்கு மேல் 2,600 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் அது அமைந்துள்ளது. வேனிலில் பூக்கள் நிறைந்து விளங்கும் அவ்வெளி, குளிர்காலத்தில் வெண்பனியால் மூடப்படும். ஆங்கிலேயர் அங்குப் பனிச்சறுக்கு ஆட்டத்தைத் தொடங்கி, 1927-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு சங்கமும் நிறுவினர். இன்று அங்கே கம்பிவட ஊர்தி இயங்குகிறது. பழனி மலைக்கோயிலுக்கு அடியவரை ஏற்றிச் செல்லும் ஊர்தியைக் கண்டவர்க்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். குல்மார்க்கில் அது இரு கட்டங்களாக ஏறுகிறது. 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முதற்கட்டம் கோங்தூரி என்னும் இடம்வரை செல்லும்; 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாங்கட்டம் அஃபர்வத் மலையின் உச்சியை அடுத்துக் கொண்டு சேர்க்கும்.

வடகிழக்குப் பருவக்காற்று தமிழகத்திற்கு மழை தருவதுபோல, காஷ்மீரத்திற்கு வெண்பனி தருவது மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சியாகும். நடுநிலக்கடற் பக்கம் தோன்றி, பல நாடுகளைக் கடந்து வந்து, இமயத்தின் குளிரில் தன் ஈரத்தை அது பனியாகச் சொரிகின்றது. டிசம்பர் 21 முதல் 40 நாட்களைக் காஷ்மீர மக்கள் ‘சில்லை கலான்’ என்று அழைப்பர். பெருங்குளிர்க் காலம் என்பது அதன் பொருள். தமிழர் மார்கழி என்று எண்ணும் நாட்களில் தொடங்கி, தை பிறந்த பின்னும் அது நீளும். அந்நாட்களில் குல்மார்க் மக்களின் கண் வானத்தின்மீதே இருக்கும்.

வெண்பனி அனைத்தும் ஒரு தன்மையது அன்று. உயரே முகிலினுள் நீராவியானது நீராகாமலே நேராகப் படிகமாக மாறுவதுண்டு. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக இணையும் இயல்புடையன. ஆதலின் அப்படிகங்களும் பெரும்பாலும் ஆறு முனைகள் கொண்டனவாக அமைகின்றன. ஜப்பானிய அறிஞர் நக்காயா 1936-ஆம் ஆண்டில் இத்தகைய படிகத்தை ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்துக் காட்டினார். குளிரும் ஈரமும் மாறுபடுந்தோறும் படிகத்தின் வடிவமும் மாறுபடும் என்பதை அவர் ஆராய்ந்து விளக்கினார். காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருப்பின், படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மாவுபோல உதிர்ந்து குவியும். இதுவே தூள்பனி. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். புதிய தூள்பனியோ அதே அளவில் 100 கிலோகிராமுக்கும் குறைவாக இருப்பதுண்டு. எஞ்சிய இடமெல்லாம் காற்று. கையில் அள்ளி உருண்டை பிடித்தால் அது பிடிபடாது, ஊதினால் பறந்துவிடும்.

இப்பனி இரவெல்லாம் பொழிந்து, விடியலில் வானம் தெளியுமாயின், அந்நாளே சறுக்குவோர் காத்திருந்த நாள். ஊரெங்கும் ஒருவகை அமைதி நிலவும். படிகங்களுக்கிடையே உள்ள காற்றறைகள் ஓசையை உட்கொள்வதே அதற்குக் காரணம். அப்பனியில் வெறுங்காலால் நடப்பவன் தொடையளவு புதைவான். நீண்டு அகன்ற சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டியவனோ, அவன் எடை பரந்து விழுவதால், பனியின்மேல் மிதப்பான். சரிவில் இறங்குகையில் பலகையின் அடியில் உராய்வு மிகக் குறைவு. இரு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து, உடலை இடமும் வலமும் மெல்லச் சாய்த்து அவன் செல்ல, தூள்பனி முழங்காலளவும் மார்பளவும் புகைபோல் எழும். ஓசையில்லை, அதிர்ச்சியில்லை. நீரில் நீந்துவதற்கும் வானில் பறப்பதற்கும் இடைப்பட்ட ஓர் இன்பம் அது. அவன் சென்ற வழி மட்டும் வெண்மையில் ஒரு வளைகோடாக எஞ்சி நிற்கும்.

இவ்வின்பம் நெடுநேரம் நிலைப்பதன்று. வெயில் ஏற ஏற மேற்பனி இளகி, பின் இறுகி ஓடாகிவிடும். காற்று வீசினால் அது கெட்டிப்பட்டுப் பாளமாகும். எனவே முதலில் இறங்கவேண்டும் என்னும் ஆவல் எவர்க்கும் எழும். ஆயினும் அந்த ஆவலே உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. பழைய பனியின்மேல் புதிய பனி உறுதியாகப் பற்றாதபோது, செங்குத்தான சரிவில் அது முழுவதும் பெயர்ந்து சரியும். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சி பெற்ற படைவீரர் 17 பேர் இத்தகைய பனிச்சரிவில் உயிர் துறந்தனர். ஆதலின் பெரும்பனி பொழிந்தபின் மேற்கட்ட ஊர்தியை உடனே இயக்குவதில்லை. காவற்குழுவினர் முதலில் சரிவுகளை ஆராய்ந்து, வேண்டுமிடத்து வெடிவைத்துப் பனியைச் சரியச் செய்வர். சறுக்குவோரும் இடர்க்குறி ஒலிபரப்பும் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகியவற்றை உடன்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு இறங்குதல் முறை. பனியில் புதைந்தவரைக் கால்மணி நேரத்திற்குள் மீட்டால்தான் அவர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. காத்திருக்கத் தெரிந்தவர்க்கே இவ்வின்பம் உரியது.

காத்திருந்தும் பனி வாராத ஆண்டுகள் உண்டு. 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களின் பெரும்பகுதியில் குல்மார்க் பழுப்பு நிறப் புல்வெளியாகவே கிடந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கு நடைபெறவேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுகள் ஒத்திவைக்கப்பட்டன. பின்னர்ப் பனி நிரம்பப் பொழிந்தது. அத்திங்கள் 21 முதல் 25 வரை விளையாட்டுகள் நடந்தேறின. 2025-ஆம் ஆண்டிலும் பனிக்குறைவால் அவை மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பனி பொய்த்தால், சறுக்குப் பயிற்றுவோர், வழிகாட்டிகள், சறுக்குவண்டி இழுப்போர், விடுதிப் பணியாளர் ஆகிய அனைவரின் பிழைப்பும் குன்றும். 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான் இச்சரிவுகளில் பழகியவரே. பனியின்றி அத்தகைய வீரர் உருவாவதேது?

விளையாட்டினும் பெரியது மற்றொன்று உண்டு. பெருங்குளிர்க் காலத்தில் விழும் பனி இறுகி மலைமேல் தங்கும். வேனிலில் சிறுகச் சிறுக உருகி ஓடைகளாய் இறங்கி ஜீலம் ஆற்றைச் சேரும். காஷ்மீரத்தின் நெல்வயலும் ஆப்பிள் தோட்டமும் அந்நீரை நம்பியுள்ளன. மலையுச்சியில் உள்ள வெண்பனி, கோடைக்கென வைத்த நீர்ச்சேமிப்பேயாம். ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் கொண்டுவரும் உழவர், ஐப்பசி, கார்த்திகை மழையால் கிணறு ஊறுமா என்று வானத்தை நோக்குகின்றனர். மலைநாட்டு உழவரும் அவ்வாறே மார்கழியில் வானத்தை நோக்குகின்றனர். ஒருவர்க்குத் துளியாகவும் மற்றொருவர்க்குத் தூளாகவும் வருவது ஒரே நீர்தான். சறுக்கும் இளைஞன் மகிழும் அந்த ஒரு நாளில், பள்ளத்தாக்கின் கோடைக்கால உணவும் உடன் பொழிகின்றது.