ஆமை வேகத்தில் நகரும் லேப்டாப்... தூக்கிப் போடும் முன் ஒரு முறை எஸ்.எஸ்.டி மாற்றிப் பாருங்கள்!

பவர் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் டீ போட்டு, அதைக் குடித்து முடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறேழு வருடம் ஆன லேப்டாப் இருக்கும் வீடுகளில் இது அன்றாடக் காட்சி. 'புதுசு வாங்கிடலாம்பா' என்று பிள்ளைகள் சொல்ல, மாதக் கடைசியை நினைத்து அப்பா பெருமூச்சு விடுவார்.

கொஞ்சம் பொறுங்கள்! பல லேப்டாப்களில் பிரச்னை இருப்பது மொத்த இயந்திரத்திலும் அல்ல, அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்கில்தான். அதை மட்டும் எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி பொருத்தினால், புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்கிலேயே வேலை முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதன் மேல் ஒரு சின்ன முனை நகர்ந்து நகர்ந்து தகவலைப் படிக்கும். ஒவ்வொரு முறையும் முனை சரியான இடத்துக்குப் போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு 10 முதல் 20 மில்லி செகண்டுதான். ஆனால், விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிக்கிறது. காத்திருப்பு கூடிக்கொண்டே போவது இதனால்தான்.

எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் தட்டு கிடையாது. எல்லாம் சிப்தான். பென் டிரைவிலும் செல்போனிலும் இருக்கும் அதே ஃபிளாஷ் மெமரி வகை. தகவலைத் தேட ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

முதலில் இதைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் 'டிஸ்க்' என்பதற்குக் கீழே ஹெச்.டி.டி என்று இருந்து, அடிக்கடி 100 சதவிகிதத்தைத் தொட்டால் மாற்றம் பெரிதாகத் தெரியும். ஏற்கெனவே எஸ்.எஸ்.டி என்று இருந்தால், இடம் பற்றாக்குறைக்காக மட்டும் மாற்றலாம். பிரமாண்டமான வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ரேம் 2 ஜி.பி, 4 ஜி.பி என்று குறைவாக இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டுவது நல்லது.

கடையில் ஏமாறும் இடம்

எஸ்.எஸ்.டி எல்லாம் ஒன்றல்ல. தப்பாக வாங்கினால் பொருந்தவே பொருந்தாது.

* 2.5 இன்ச் சாட்டா: பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்.பி வரை.

* எம்.2: சூயிங்கம் பட்டை போல மெல்லியது. அதிகம் புழங்கும் 2280 என்ற அளவுக்கு 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம் என்று அர்த்தம். 2242, 2230 என்று குட்டை அளவுகளும் உண்டு.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், அதைவிடப் பல மடங்கு வேகமான என்.வி.எம்.இ-யும் வரும். உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்பதை மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேக்புக் போன்ற சில மாடல்களில் சேமிப்பு சிப்பை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் மாற்ற முடியாது.

'2 டி.பி, நம்ப முடியாத விலை' என்று ஆன்லைனில் கண்ணில் பட்டால் நம்பவே நம்பாதீர்கள். போலிகள் நிறைய உலவுகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் சரி... பில், வாரன்டி இரண்டும் முக்கியம்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்...

இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஸ்க்ரூ கழற்றுவதில் இல்லை. பழைய டிஸ்க்கில் இருக்கும் கல்யாண ஆல்பம், பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ, பிள்ளையின் புராஜெக்ட் ஆகியவைதான் கைமீறிப் போகக்கூடியவை. அதனால், முதல் வேலை பேக்கப். வெளி ஹார்டு டிஸ்க் அல்லது க்ளவுடில் ஒரு பிரதி எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர். பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை முன்கூட்டியே எழுதி வைக்காமல் வேலையைத் தொடங்கி, பிறகு தவிப்பவர்கள் உண்டு.

பழைய விண்டோஸை அப்படியே கொண்டு வர வேண்டுமா? புது எஸ்.எஸ்.டி-யை யு.எஸ்.பி கேஸில் போட்டு, க்ளோனிங் சாஃப்ட்வேர் மூலம் நகல் எடுக்கலாம். இல்லையென்றால், பென் டிரைவ் வழியாகப் புதிதாக விண்டோஸ் போடலாம். விண்டோஸ் 10, 11-ல் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், டிஸ்க் மாறினாலும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

கழற்றி மாட்டுவது

சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுவதும் ஆஃப் செய்யுங்கள். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, எது எந்த இடம் என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக் மின்சாரம் போக, ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

2.5 இன்ச் என்றால், பழைய டிஸ்க்கின் உலோகச் சட்டத்தைப் புதியதற்கு மாற்றிச் செருக வேண்டியதுதான். எம்.2 என்றால், சற்றுச் சாய்வாகச் செருகி, மெதுவாக அழுத்தி, ஒரே ஒரு ஸ்க்ரூ போட வேண்டும். அழுத்திப் பிடித்தும் உட்காரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வெட்டு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கை நடுங்குகிறதா? கடையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து செய்து வாங்குங்கள். வாரன்டி காலத்தில் இருக்கும் லேப்டாப் என்றால், திறப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாமே சரியாகிவிடுமா?

இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட டி.பி.எம் 2.0 சிப் வேண்டும். எஸ்.எஸ்.டி மாற்றினாலும் இந்தக் குறை தீராது. அப்படிப்பட்ட பழைய மாடல்களில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றைப் போட்டால் படிப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் தாராளமாகப் போதும். 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வாங்கி, பரணில் தூங்கும் லேப்டாப்புக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு தரலாம்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். 'டெலிட்' செய்த படங்களையும் அதிலிருந்து மீட்க முடியும். ஒரு மாதம் வீட்டிலேயே பத்திரமாக வைத்திருங்கள். எல்லா ஃபைலும் புது டிஸ்க்கில் இருப்பது உறுதியான பிறகு, யு.எஸ்.பி கேஸில் போட்டு பேக்கப் டிஸ்க்காகவே பயன்படுத்தலாம்.

அந்த பேக்கப் அவசியமும்கூட. ஹார்டு டிஸ்க் பழுதாகும் முன் பல நேரம் 'கடகட' சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி பெரும்பாலும் சத்தமே இல்லாமல் ஒரே நாளில் நின்றுவிடும். அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம்.

லேப்டாப் நொடிகளில் திறக்கும் சந்தோஷத்தில், பாட்டியின் வீடியோவுக்கு இன்னொரு பிரதி இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள்!