பூட்ஸ் வாங்கினால் போதுமா? காலுக்குப் பழக்க வேண்டாமா?



குடோன் மூலையில், பழைய சாக்குக் கட்டுக்கு மேலே, ஒரு ஜோடி தோல் பூட்ஸ் கிடப்பதை நாம் பல கடைகளில் பார்த்திருக்கிறோம். தூசி படிந்திருக்கும், ஆனால் அடிப்பாகம் தேய்ந்திருக்காது. விசாரித்தால், "ஆளுங்களுக்கு ஆசையா வாங்கிக் கொடுத்தோம் அண்ணாச்சி. மூணு நாள் போட்டாங்க, கடிக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாங்க" என்பார் கடைக்காரர். லோடுமேனைக் கேட்டால், "அதைப் போட்டா வேலை ஓட மாட்டேங்குதுங்க முதலாளி" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். பூட்ஸின் மீதும் குற்றம் இல்லை, ஆளின் மீதும் குற்றம் இல்லை. புது பூட்ஸைக் காலுக்குப் பழக்க வேண்டும் என்ற வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

"செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா?" என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். காலைத் தறிக்கவும் வேண்டாம், பூட்ஸைத் தூக்கி எறியவும் வேண்டாம். மூன்று வாரம் பொறுமை இருந்தால் போதும்.

பூட்ஸ் எதற்கு?

நம் தொழிலில் கால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எண்ணெய் டின், எடைக்கல், தள்ளுவண்டிச் சக்கரம், உடைந்த பெட்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, எண்ணெய் சிந்திய தரை என்று எல்லாம் காலைத்தான் குறி வைக்கின்றன. ஹவாய் செருப்பு இவற்றில் எதையும் தடுக்காது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ எண்ணெய் டின் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இடுப்பு உயரத்திலிருந்து, கை நழுவி விழுந்தால் அதன் தாக்கம் சுமார் 150 ஜூல். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 15298 என்ற எண்ணின் இரண்டாம் பகுதியில் வரும் பாதுகாப்பு பூட்ஸின் முன்முனைக் கவசம் 200 ஜூல் தாக்கத்தைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். ஆகவே டின் விழுந்தாலும் விரல் தப்பிக்கும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கவசம் காப்பது விரல்களை மட்டுமே. புறங்காலுக்குத் தோலும் நாடாவும்தான் காவல்.

எதைப் பார்த்து வாங்குவது?

சரக்கின் தரம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்ப்பது போலத் தோலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து மறையும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் நார் நாராகத் தெரியும். துணி தெரிந்தால் அது ரெக்ஸின். தோலின் மேல் அடுக்கை எடுத்துவிட்டு, கீழ் அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசி விற்பதும் உண்டு. அது காற்றும் வாங்காது, எத்தனை வாரம் போட்டாலும் காலுக்கும் எளிதில் பழகாது.

தோல் விஷயத்தில் நம் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோலும் காலணியும் கடல் கடந்து போகின்றன. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் சென்னை அடையாற்றில் இருக்கிறது. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை ஆகியவற்றில் ஊறவைத்து, நம் கடையில் விற்கிற அதே கடுக்காயைச் சேர்த்துத் தோல் பதனிடும் முறை இங்கே பழமையானது. அது நாள் பிடிக்கும் வேலை. குரோமிய உப்பு முறை சில நாட்களில் முடிந்துவிடும். இன்று பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் குரோமிய முறையில் வருகிறது. அது சீக்கிரம் இளகும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும்; ஆனால் உள் அட்டையாகப் போட்டால் நாளடைவில் காலின் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

அடிப்பாகத்தையும் கவனிக்க வேண்டும். மேல்தோலோடு ஒரு தோல் பட்டையைச் சேர்த்துத் தைத்து, அதில் அடிப்பாகத்தைத் தைக்கும் முறைக்கு குட்இயர் வெல்ட் என்று பெயர். 1870களில் அமெரிக்காவில் வந்த இயந்திரத்தால் பரவிய முறை இது. அடி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், விலை அதிகம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாதுகாப்பு பூட்ஸில் பலவற்றுக்கு பி.யு. என்னும் பாலியூரித்தேன் அடிப்பாகம் வார்த்து ஒட்டியிருப்பார்கள். இலேசாக இருக்கும், காலுக்கு இதம். ஆனால் காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு, பெட்டியிலேயே சில ஆண்டுகள் கிடந்தாலும் ஒரு நாள் ரஸ்க் போல உதிர்ந்துவிடும். ஆகவே "தள்ளுபடியில் கிடைத்தது" என்று பழைய ஸ்டாக்கை மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பது வீண். தயாரித்த மாதம், ஆண்டு பார்த்து வாங்குங்கள். நம் சரக்கில் பார்க்காமலா இருக்கிறோம்?

வரியையும் தெரிந்துகொள்வது நல்லது. 22.09.2025 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதப்படி, ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பில் கேட்டு வாங்குங்கள்.

அளவு தவறினால் எதுவும் பழகாது

பழக்கினால் சரியாகிவிடும் என்று சிறிய அளவை வாங்கக் கூடாது. தோல் அகலத்தில் சற்றுக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. இரும்புக் கவசம் எதிலுமே கொடுக்காது. சுண்டு விரல் கவசத்தில் இடித்தால், அந்த பூட்ஸ் அந்தக் காலுக்கு இல்லை.

அளவு பார்க்க மாலை நேரமே சரி. நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். போடப்போகும் தடித்த பருத்திக் காலுறையோடு பார்க்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். குதிகாலைப் பின்னால் ஒட்டி நின்றால், நீண்ட விரலுக்கு முன்னே கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அரை நம்பர் கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த நம் ஆட்களின் பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். நாடா கட்டும் இரு மடல்களும் நன்றாக விரிந்து திறக்கும் அமைப்பே அவர்களுக்கு ஏற்றது. எல்லோருக்கும் ஒரே நம்பரில் அரை டஜன் எடுத்து வருவதைவிட, ஆட்களையே கடைக்கு அழைத்துப் போவது மேல்.

மூன்று வாரக் கணக்கு

பழக்குவது என்றால் என்ன? காலின் சூட்டிலும் வியர்வையின் ஈரத்திலும் தோலின் நார்கள் இளகி, கால் மடங்கும் இடத்தில் மடங்கக் கற்றுக்கொள்கின்றன. உள் அட்டை அமுங்கிப் பாதத்தின் வடிவத்தை வாங்குகிறது. இதற்கு நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் தோலுக்குப் பதில் கால்தான் இளகும்.

முதல் வாரம்: நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். சமதரையில் நடக்கவும், நின்று வேலை பார்க்கவும் மட்டுமே. மூட்டை தூக்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறவே கூடாது. வெறுங்காலால் பலகையைக் கவ்விப் பிடித்து ஏறிப் பழகியவருக்கு, விறைத்த அடிப்பாகத்தோடு ஏறுவது ஆபத்து. "பூட்ஸ் போட்டால் பிடிமானம் இல்லை" என்று அவர் சொல்வது சோம்பல் அல்ல, அனுபவம்.

இரண்டாம் வாரம்: இரண்டு மணியில் தொடங்கி அரை நாள் வரை. எங்கே உரசுகிறது என்று தினமும் காலைக் கழுவிப் பார்க்க வேண்டும். குதிகால், சுண்டு விரல் ஓரம், கணுக்கால் ஆகிய மூன்றும்தான் வழக்கமான இடங்கள். சிவந்தவுடனே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வந்துவிட்டால் உடைக்காமல், ஆறும்வரை பூட்ஸை ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் வாரம்: வலி இல்லையென்றால் முழு நாள். அதன் பிறகும் ஒரே இடத்தில் கடித்தால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மரக்கட்டை ஏற்றி அந்த இடத்தை விரித்து வாங்கலாம்.

நாடா கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. அவிழ்க்காமல் காலைத் திணித்தால் பின்பக்கம் நசுங்கிக் கெட்டுப்போகும். நாடாவை நன்றாகத் தளர்த்தி, நாக்கை முன்னே இழுத்து, காலை விட்டபின் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் ஒட்டவைக்க வேண்டும். பிறகு கீழ்க் கண்ணிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வரவேண்டும். விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் இருந்தால் குதிகால் உள்ளே எழும்பாது. புது பூட்ஸ் கடிப்பதற்கு முக்கியக் காரணமே குதிகால் எழும்பி எழும்பி உரசுவதுதான்.

தண்ணீரில் ஊறவைப்பது, அடுப்பருகே காட்டுவது, உச்சி வெயிலில் போடுவது, தேங்காய் எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டுவது ஆகிய குறுக்கு வழிகள் வேண்டாம். சூட்டில் தோல் காய்ந்து வெடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். எண்ணெய் மிகுந்தால் தோல் தளர்ந்து வடிவம் போய்விடும், தூசியையும் இழுக்கும். மெழுகுப் பாலீஷை மெல்லிய துணியால் இலேசாகத் தேய்த்து, கையால் நாலு முறை மடக்கி விட்டால் போதும்.

அரிசி மூட்டையும் பூட்ஸும்

கடைக்குள் செருப்போடு நுழையாத பரம்பரை நம்முடையது. கல்லாவுக்கு முன் பூட்ஸோடு நிற்பதா, அரிசி மூட்டை மேல் பூட்ஸோடு ஏறுவதா என்ற தயக்கம் நியாயமானது. சாமி விஷயம் ஒருபுறம் இருக்கட்டும், சாப்பிடும் பொருளின் சுத்தமும் அதில் இருக்கிறது. குடோன் பூட்ஸ் குடோனுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். தெருவுக்கும் போகக் கூடாது, கல்லாப் பக்கமும் வரக் கூடாது. வாசலில் ஒரு மர பெஞ்சு போட்டால் உட்கார்ந்து நாடா கட்ட, அவிழ்க்க வசதி. அடுக்கின் உச்சிக்கு ஏற, மூட்டையை மிதிக்காமல் ஒரு ஏணிப்படி வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க

நம்மில் சர்க்கரை நோய் இல்லாத கடை அரிது. பல ஆண்டு சர்க்கரையில் காலின் உணர்ச்சி மரத்துப்போகலாம். மற்றவருக்கு பூட்ஸ் கடித்தால் வலிக்கும், கழற்றிவிடுவார். மரத்த காலுக்குக் கடிப்பதே தெரியாது. இரவு காலுறையில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மேலே சொன்ன மூன்று வாரக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. மருத்துவரைக் கேட்டு, எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் உள்ளடி வைத்த காலணியைப் போடுவதே நல்லது. ஆளுக்கு பூட்ஸ் வாங்கும் முன் "உனக்குச் சர்க்கரை உண்டாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

நாள் முழுதும் குடித்த வியர்வை காய, தோலுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். இரண்டு ஜோடி இருந்து மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் நெடுநாள் வரும். நனைந்தால் பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். உப்பு மூட்டை இறக்கிய அன்று ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உப்பு தோலுக்குப் பகை. இரவில் கம்பியில் மாட்டி வையுங்கள். தரையில் விட்டால் எலி கடிக்கும். காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள்; தேளும் பூரானும் குடியிருக்க வாய்ப்பு உண்டு.

செலவு யார் கணக்கில்?

ஜோடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 300 வேலை நாள் உழைத்தால் நாளுக்கு 5 ரூபாய். ஒரு விரல் நசுங்கினால் ஆகும் வைத்தியச் செலவுக்கு முன் இது ஒரு தொகையே அல்ல. ஆனால் உண்மையான விலை அந்த 1,500 மட்டும் அல்ல என்பதைத்தான் நாம் இங்கே சொல்ல வந்தோம். பூட்ஸ் பழகும் மூன்று வாரமும் ஆளின் வேலை சற்று மெதுவாகத்தான் நடக்கும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த மெதுவே வருமான இழப்பு. அந்த இழப்பை அவர் தலையில் வைத்தால், மூன்றாம் நாளே பூட்ஸைக் கழற்றிச் சாக்குக் கட்டு மேல் போட்டுவிட்டு வெறுங்காலோடு வேலைக்குப் போவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஆகவே பூட்ஸ் வாங்குகிற முதலாளி, அந்த மூன்று வாரக் குறைவையும் சேர்த்தே வாங்க வேண்டும். குறையும் கூலியை ஈடுகட்டிக் கொடுங்கள். பழகும் நாட்களில் லாரி வேலையைக் குறைத்து, அடுக்குதல், எடை போடுதல் போன்ற சமதரை வேலைகளைக் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சரக்கின் பெயரும் விலையும் பழக நாம் அவகாசம் கொடுப்பதில்லையா? தோலுக்கும் அதே அவகாசம்தான் தேவை.

நம் சரக்கு இறங்குவதும் ஏறுவதும் அவர்கள் காலை நம்பித்தான். அந்தக் காலுக்குச் செய்யும் செலவு, நம் முதலுக்குச் செய்யும் காப்பு.