மரங்களின் தற்காப்பு – 6: வேம்பின் கசப்பு எட்டாத இடம்

ஆந்திர மலைகளில் பிறந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி எனத் திருவள்ளூர் மாவட்டத்தின் ஊடாக ஓடி, பழவேற்காட்டுக்கு அருகே கடலைச் சேரும் ஆரணியாற்றின் கரையூர்களில் வேம்பு இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலை வலம் வருகிறார்கள். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது. பயறு சேமிக்கும் பானையில் காய்ந்த வேப்பிலை போடப்படுகிறது. நோயையும் பூச்சியையும் அண்டவிடாதது என்று மக்கள் நம்பும் இந்த மரம், அண்மை ஆண்டுகளில் தமிழகத்திலும் தெலங்கானாவிலும் மழைக்காலத்தில் நுனிக்கிளைகள் கருகி, தீயில் வாட்டியது போல நிற்பது பலரைக் கலங்க வைத்திருக்கிறது. கசப்பு பொய்த்துவிட்டதா என்ற கேள்விக்கு விடை காண, அந்தக் கசப்பு மரத்தின் எந்த உறுப்பில், எந்த எதிரிக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

வேம்பின் வேதியியல் ஆய்வு இந்திய மண்ணில் தொடங்கியது. சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் கண்ணில் பட்ட பசுமையையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்தார். வேப்பம்பருப்பை அரைத்துக் கரைத்த நீரைத் தெளித்தால் அந்தப் பயிரை வெட்டுக்கிளிகள் தின்பதில்லை என்பதை, தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1962இல் நிறுவினர். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் 1968இல் அந்த ஆற்றலுக்குக் காரணமான அசாடிராக்டினைத் தனியே பிரித்தார்கள். அதன் முழு அமைப்பு 1985இல்தான் தெளிவாயிற்று. அதை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் ஆகி, 2007இல்தான் கைகூடியது. அத்தனை சிக்கலான மூலக்கூறை வேம்பு ஆண்டுதோறும், ஆரவாரமின்றி, ஒவ்வொரு கொட்டைக்குள்ளும் செய்து வைக்கிறது என்பது வியந்து போற்றத்தக்கது.

அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லும் நஞ்சன்று. அது முதலில் பூச்சியின் வாயுறுப்புகளிலுள்ள சுவை உணர்விகளைத் தாக்கி, எதிரே இருப்பது உணவே அன்று என்று உணரச் செய்கிறது. பாலைவன வெட்டுக்கிளியைத் தின்னவிடாமல் தடுக்கப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே போதும். மீறித் தின்ற புழுவுக்குள் நுழைந்ததும், தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் என்ற இயக்குநீர் உரிய நேரத்தில் சுரக்காதபடி குலைத்துவிடுகிறது. வளரும் பூச்சி தன் பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். கழற்ற முடியாமல் பாதி உரிந்த தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகும் புழுக்களை, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த வயலில் காணலாம். பருப்புத் தூள் ஐந்து கிலோவை இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டர் கரைசலாக்கிச் சிறிது சோப்பு கலந்து தெளிக்கும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு இன்றும் தமிழக உழவர்களின் கைமருந்தாக இருப்பது இதனால்தான். வெயில் பட்டால் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பழுத்து மஞ்சளான வேப்பம்பழத்தை விரலால் பிதுக்கினால் வழவழப்பான சதை வெளிவருகிறது. அதில் இனிப்பு உண்டு. காக்கையும் மைனாவும் வௌவாலும் அந்த இனிப்புக்காகப் பழத்தைத் தின்று கொட்டையைத் தொலைவில் போடுகின்றன. கொட்டையின் ஓட்டை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை நாவில் வைத்தால், அக்கசப்பு நெடுநேரம் போகாது. விதையைப் பரப்புபவருக்கு இனிப்பையும் விதையை அழிப்பவருக்குக் கசப்பையும் மரம் ஒரே கனிக்குள் பிரித்து வைத்திருக்கிறது. அசாடிராக்டினின் பெரும்பகுதி பருப்பில்தான் இருக்கிறது. இலையில் அதன் அளவு மிகவும் குறைவு. இழந்தால் ஈடுகட்ட முடியாத உறுப்புக்கே செடி தன் வேதிப்பொருளை அதிகம் ஒதுக்கும் என்று டாய்ல் மெக்கே 1974இல் முன்வைத்த கோட்பாட்டுக்கு வேம்பு நல்ல சான்று. இலை போனால் அடுத்த பருவத்தில் துளிர்க்கும். விதை போனால் ஒரு தலைமுறை போகிறது.

தண்டின் தற்காப்பு வேறு வகையானது. அரிவாள் பட்ட இடத்தில் கசிந்து, தேன் நிறத்தில் இறுகி நிற்கும் வேப்பம்பிசின் அதன் வெளியே தெரியும் பகுதி மட்டுமே. உள்ளே, காயத்தை ஒட்டிய உயிருள்ள செல்கள் தாம் சேமித்த மாவுப்பொருளைச் செலவழித்து, பூஞ்சைகளுக்கு ஒவ்வாத பீனால் வகைச் சேர்மங்களை ஆக்குகின்றன. நீர் ஏறும் குழாய்கள் அடைபடுகின்றன. பிறகு வளரும் புதுக்கட்டை பழைய காயத்திலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளும் ஒரு தடுப்புச் சுவரை எழுப்புகிறது. அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் இதை விரித்துரைத்தார். மரம் கெட்ட பகுதியைச் சரிசெய்வதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்குகிறது என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். பூஞ்சையின் உறையிலுள்ள கைட்டின் துணுக்குகளை உணர்ந்ததும் அவ்வுறையைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும் ஆற்றலும் தாவரச் செல்களுக்கு உண்டு. ஆனால் இவை எல்லாமே சர்க்கரையைச் செலவிட்டு நடப்பவை. அந்தச் செலவுக்கு இலையும் வேரும் நலமாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதியின் சாலையோர வேம்பு, அடிமரம் வரை சிமென்ட் பூசப்பட்டு, இலையெல்லாம் புழுதி படிந்து நின்றால், அதன் வருவாய் குறைந்து தற்காப்பும் தளர்கிறது.

இத்தற்காப்பின் ஒரு பலவீனமான இடம் இளங்குருத்து. முந்திரி விவசாயிகள் நன்கறிந்த தேயிலைக் கொசு என்னும் சிறு நாவாய்ப்பூச்சி, வேப்பங்குருத்தில் ஊசி போன்ற வாயைச் செருகி, தன் உமிழ்நீரால் செல்களைச் சிதைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. குத்திய இடம் பழுப்புப் புள்ளியாகிப் பிசின் துளிர்க்க, குருத்து தலைசாய்ந்து கருகுகிறது. கூடவே போமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சையும் நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி, சிறுகிளைகளை உலர்த்துகிறது. டேராடூன் பகுதியில் 1990களில் கவனிக்கப்பட்ட இந்நோயின் பூஞ்சை, 1997இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. கொறித்துத் தின்னும் பூச்சியை எதிர்க்க ஜாஸ்மோனிக் அமிலமும், உயிருள்ள திசுவில் தங்கி வாழும் கிருமியை எதிர்க்கச் சாலிசிலிக் அமிலமும் பல தாவரங்களில் முன்னின்று ஆணையிடுகின்றன. ஒன்று ஓங்கும்போது மற்றொன்று தாழ்வதும் உண்டு. ஒரே பருவத்தில் ஒரே குருத்தைப் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து தாக்கும்போது மரத்துக்கு நேரக்கூடிய நெருக்கடியை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

வேப்பெண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும் என்ற அறிவுக்காகவே ஒரு பெரும் வழக்கு நடந்தது. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமையை, இந்தியாவின் வந்தனா சிவாவும் மற்றவர்களும் எதிர்த்ததால், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் ரத்து செய்தது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. அந்த எண்ணெயைத் தரும் மரமே பூஞ்சைக்கு இரையாவதில் முரண்பாடு ஏதுமில்லை, ஏனெனில் எண்ணெய் இருப்பது பருப்பில். பூஞ்சை நுழைவது குருத்தில். இதைவிடக் கவலை தருவது, இதே பூஞ்சை பழங்களையும் அழுகச் செய்து விதைக்குள்ளும் தங்கிவிடுகிறது என்பதுதான். கசப்பின் கருவூலமான விதையே நோயையும் அடுத்த நாற்றங்காலுக்குச் சுமந்து செல்கிறது. எனவே நாற்றங்கால் வைப்பவர்கள் கருகாத மரங்களின் விதையையே எடுத்து, பூஞ்சைக்கொல்லியில் நேர்த்தி செய்து விதைப்பது இன்றியமையாதது.

வளர்ந்த மரங்களைப் பொறுத்தவரை அவசரம் கூடாது. கருகியதைப் பார்த்துப் பட்டுப்போனது என்று எண்ணி வெட்டப்படும் வேம்புகளில் பல, மழை ஓய்ந்த பின் மாசி, பங்குனியில் மீண்டும் துளிர்க்கக் கூடியவை. நோய் ஆண்டுதோறும் திரும்பி வந்து மரத்தின் சேமிப்பைக் கரைக்கும் என்பதும் உண்மையே. ஆகவே எட்டும் உயரத்திலுள்ள காய்ந்த நுனிகளைப் பச்சைப் பகுதி வரை கழித்து எரித்துவிட்டு, அடிமரத்தைச் சுற்றிச் சிமென்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்து, ஆணி அடிப்பதையும் பட்டை உரிப்பதையும் நிறுத்திவிட்டு, அடுத்த பங்குனி வரையேனும் அம்மரத்தை விட்டுவைக்க வேண்டும்.